புது மருந்தின்றி ஒரு சாதனை

ஆய்வாளரின் பங்களிப்பைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் அளப்பது நம் பல்கலைக்கழகங்களின் வழக்கம். குழந்தைகளுக்கான புற்றுநோய் மருத்துவர் டொனால்டு பிங்கெலின் ஆய்வை அப்படி அளக்க இயலாது. 1962-இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையின் முதல் இயக்குநர் அவர். அக்காலத்தில் குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய் மருந்துக்குச் சில மாதங்கள் அடங்கும்; பின்னர் திரும்பிவந்து உயிரைப் பறிக்கும். மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்த உறைகளுக்குள் மருந்து போதிய அளவு சென்று சேராததால், புற்றணுக்கள் அங்கே பதுங்கியிருந்தன.

பிங்கெல் புது மருந்து எதையும் கண்டுபிடிக்கவில்லை. இருந்த மருந்துகளையே ஒருங்கிணைத்தார். தலைக்குக் கதிர்வீச்சையும் தண்டுவட நீரில் மெத்தோட்ரெக்ஸேட்டையும் சேர்த்தார். சிகிச்சையை ஆண்டுக்கணக்கில் நீட்டித்தார். 1967-68-இல் நடந்த ஐந்தாம் ஆய்வில் பங்கேற்ற குழந்தைகள் 35 பேர்தான். அவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் பிழைத்தனர். கதிர்வீச்சு கற்றல்திறனைப் பாதிப்பது பிறகு தெரியவரவே, அதே மருத்துவமனை அதையும் படிப்படியாகக் கைவிட்டது.