மிச்சத் துணியில் ஒரு பண்ணை

கைக்குழந்தைக்கு ஒரு குயில்ட் வேண்டுமென்று இன்று கடைக்குப் போனால், பசு, வாத்து, டிராக்டர் எல்லாம் அச்சிட்ட துணியை எடுத்துப் போடுவார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் ஒஹையோ, இண்டியானா, கான்சஸ் பக்கத்து விவசாய வீடுகளில் பெண்கள் தைத்த குயில்ட்களை விரித்துப் பார்த்தால், பெரும்பாலானவற்றில் ஒரு பசு கூட இருக்காது. சதுரம், முக்கோணம், பட்டை, அவ்வளவுதான். ஆனால் அந்தக் கட்டங்களின் பெயர்களைக் கேட்டுப் பாருங்கள்: களஞ்சியக் கதவின் ஓட்டை, தாய்க்கோழியும் குஞ்சுகளும், சோளமும் அவரையும், பறக்கும் வாத்துகள், வாத்தின் காலடி, கம்பு வேலி, வெண்ணெய் கடையும் கழி. ஒரு முழுப் பண்ணையே அந்தப் போர்வைக்குள் இருந்தது.

குயில்ட் என்பது மூன்று அடுக்கு கொண்ட போர்வை. மேலே துண்டுத் துணிகளை இணைத்த விரிப்பு, நடுவில் பஞ்சுப் படலம், அடியில் முழுத்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிக்கிற ஓட்டுத்தையல்தான் அதற்குக் குயில்ட் என்ற தகுதியைத் தருகிறது. மேல்விரிப்பை ஒரே மூச்சில் தைப்பதில்லை. ஒன்பது அல்லது பன்னிரண்டு அங்குலச் சதுரங்களாகத் தனித்தனியே தைத்து, பிறகு வரிசையாக இணைப்பார்கள். அந்த ஒவ்வொரு சதுரமும் ஒரு ‘பிளாக்’.

பசுவின் உருவத்தை வெட்டி வைக்காமல் ஏன் இப்படிக் கட்டமும் கோணமுமாகவே தைத்தார்கள்? உருவம் வெட்டி வைப்பதற்குத் துணியின் மேல் துணி வேண்டும். அடியில் ஒரு முழுச் சதுரம், அதன்மேல் இன்னொரு துணியில் வெட்டிய உருவம். அந்தச் செலவைப் பெரும்பாலும் கல்யாணத்துக்கோ விருந்தாளிக்கோ எடுத்து வைக்கும் போர்வைக்குத்தான் செய்தார்கள். அன்றாடப் போர்வைக்குக் கிடைத்தது கவுனும் சட்டையும் வெட்டியபின் மிஞ்சியவைதான்: கைக்குழி ஓரத்து முக்கோணம், கழுத்துப் பட்டியின் மிச்சம், கிழிந்த சட்டையின் முதுகுப் பக்கம். அவற்றை ஓரத்தோடு ஓரம் இணைத்தால் தையலுக்குள் போகிற கால் அங்குலம் தவிர எதுவும் வீணாகாது. தாங்கள் பார்த்துப் பழகிய பண்ணையை அந்தச் சிக்கனத்தின் எல்லைக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார்கள் என்பதுதான் இந்தக் கலையில் என்னை மிகவும் கவர்வது. துணி போதாமல் பிறந்த வடிவங்கள் இவை. அதனாலேயே இன்றும் மிச்சத் துணிக்கு இவற்றைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

அந்த மிச்சத் துணியில் ஒரு பங்கு தீவன மூட்டையிலிருந்து வந்தது. 1846இல் எலியாஸ் ஹோவ் தையல் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றபின் பாரம் தாங்கும் உறுதியான தையல் சுலபமாயிற்று. மரப்பீப்பாயில் வந்துகொண்டிருந்த மாவும் சர்க்கரையும் கோழித்தீவனமும் மெல்லப் பருத்தி மூட்டைக்கு மாறின. மூட்டையைப் பிரித்துப் பெண்கள் துணி தைப்பதை ஆலைக்காரர்கள் கவனித்தார்கள். 1920களின் நடுவில் செயின்ட் லூயிஸ் நகரத்து ஜார்ஜ் பி. பிளான்ட் மாவு ஆலை, ‘கிங்ஹாம் கேர்ள்’ என்ற பெயரில் கட்டம் போட்ட துணியிலேயே மாவு மூட்டையை விற்றது. பிறகு பூப்போட்டது, புள்ளி வைத்தது, கோடு போட்டது என்று வகை பெருகியது. நூறு பவுண்டு மூட்டையைப் பிரித்தால் ஏறத்தாழ ஒரு கெஜம் துணி. வாய் தைத்த நூலைக் கூட இழுத்துச் சுற்றி வைத்துக்கொண்டார்கள். ஒரு கவுனுக்கு ஒரே டிசைனில் மூன்று மூட்டை தேவைப்படும் என்பதால், தீவனம் வாங்கப் போகிற கணவனிடம் மாதிரித் துண்டைக் கொடுத்தனுப்பிய மனைவிகள் உண்டு. 1950களின் முடிவில் காகிதப் பை வந்து இதை முடித்து வைத்தது.

பெயர்கள் ஊருக்கு ஊர் மாறின. ஒரே பிளாக்கை ஒரு வீட்டில் வெண்ணெய் கடையும் கழி என்றார்கள், இன்னொரு வீட்டில் களஞ்சியக் கதவின் ஓட்டை, மற்றொரு வீட்டில் குறடு. செயின்ட் லூயிஸிலிருந்து வெளிவந்த லேடீஸ் ஆர்ட் கம்பெனியின் பட்டியலும், 1928 முதல் 1961 வரை மாதிரிகளை வெளியிட்ட ‘கான்சஸ் சிட்டி ஸ்டார்’ நாளிதழும் பல பெயர்களை நாடு முழுவதும் நிலைக்கச் செய்தன.

அந்தக் கழியையே முதல் பிளாக்காகத் தைத்துப் பார்க்கலாம். ஆங்கிலத்தில் ‘சர்ன் டேஷ்’. உயரமான மரத்தொட்டியில் பாலாடையை ஊற்றி, அடியில் குறுக்குச் சட்டம் பொருத்திய கழியை மேலும் கீழுமாகக் குத்தி வெண்ணெய் எடுப்பார்கள். அந்தக் குறுக்குச் சட்டத்தை அடியிலிருந்து பார்த்தால் தெரிகிற உருவம்தான் பிளாக்கில் இருக்கிறது. ஒன்பது கட்டம், நடுவில் வெளிர் நிறச் சதுரம், அதன் நான்கு பக்கமும் பாதி அடர்ந்த, பாதி வெளிர்ந்த பட்டைகள், அடர்ந்தது உட்பக்கம், நான்கு மூலையிலும் அடர்ந்த முக்கோணம், அதன் நேர்கோணம் நடுச்சதுரத்தின் மூலையைத் தொடும்.

தைத்து முடிந்தபின் 9 அங்குலம் வர வேண்டுமானால் ஒவ்வொரு கட்டமும் 3 அங்குலம். நடுச்சதுரத்தை 3½ அங்குலமாக வெட்டுங்கள். பக்கத்துப் பட்டைகளுக்கு 2 அங்குல அகலம், 3½ அங்குல நீளத்தில் அடர்ந்தது நான்கு, வெளிர்ந்தது நான்கு. மூலைக்கு 3⅞ அங்குலச் சதுரம் அடர்ந்ததில் இரண்டு, வெளிர்ந்ததில் இரண்டு. ஓர் அடர்ந்த சதுரத்தையும் ஒரு வெளிர்ந்த சதுரத்தையும் நல்ல பக்கம் உள்ளே இருக்கும்படி ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூலைக்கு மூலை பென்சிலால் கோடு போட்டு, கோட்டுக்கு இருபுறமும் கால் அங்குலம் தள்ளித் தைத்து, கோட்டின் மேலேயே வெட்டினால், இரண்டு நிற முக்கோணங்கள் சேர்ந்த சதுரம் இரண்டு கிடைக்கும்.

அந்த ⅞ எங்கிருந்து வந்தது என்று புதிதாகத் தைப்பவர்கள் எல்லோரும் கேட்பார்கள். முக்கோணத்தின் மூன்று பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் விட வேண்டும். சாய்வுப் பக்கத்தில் விடுகிற கால் அங்குலத்தை நேர்ப்பக்கத்தின் வழியே அளந்தால், அது √2 மடங்காகி 0.354 அங்குலம் வரும். மற்ற இரு பக்கங்களுக்கான கால் அங்குலங்களையும் கூட்டினால் 0.854. டேப்பில் அதற்கு மிக அருகில் இருக்கிற கோடு ⅞, அதாவது 0.875. மிஞ்சுகிற சிறு நூலளவைத் தைத்தபின் 3½ அங்குலச் சதுரமாகச் சீர்செய்து விடலாம். இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் எந்த அளவு பிளாக்கையும் மாதிரி அட்டை இல்லாமலே வெட்டலாம்.

கால் அங்குலம் என்றால் சரியாகக் கால் அங்குலம். இந்த பிளாக்கின் மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் நெடுக்காக இரண்டு தையல்; நடு வரிசையில் பட்டைகளும் நெடுக்காகப் பிரிவதால் நான்கு. தையல் கொஞ்சம் தடித்தால் நடு வரிசை மற்ற இரண்டையும்விடக் குட்டையாகி, மூலைகள் பொருந்தாது. ஒவ்வொரு தையலிலும் 1/16 அங்குலம் கூடுதலாகப் பிடித்தால் கூட ஒரு தையலுக்கு ⅛ அங்குலம் போகும். அப்படியே பிளாக்குகளை இணைத்துக்கொண்டே போனால் 36 அங்குல விரிப்பு ஓர் அங்குலத்துக்கு மேல் சுருங்கிவிடும். மெஷினின் ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் ஒரு டேப் ஒட்டி வைத்துக்கொள்வது இந்தத் தொந்தரவைத் தீர்க்கும்.

அடுத்த கவனம் துணியின் இழையில். பாவு வழியே இழுத்தால் துணி கொடுக்காது, ஊடை வழியே சற்றுக் கொடுக்கும், 45 பாகையில் இழுத்தால் ரப்பராக நீளும். தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்வது இதைத்தான். முக்கோணத்தின் சாய்வுப் பக்கம் முழுக்கக் கிராஸ். அதனால்தான் முக்கோணமாக வெட்டித் தைக்காமல், சதுரமாக வைத்துத் தைத்தபின் வெட்டச் சொன்னேன். இஸ்திரிப் பெட்டியையும் முன்னும் பின்னும் தேய்க்கக் கூடாது. வைத்து, அழுத்தி, எடுக்க வேண்டும். தையல் மடிப்பை அடர்ந்த துணியின் பக்கம் சாய்த்து அழுத்தினால் வெளிர் துணியின் அடியில் நிழல் தெரியாது. அடுத்தடுத்த வரிசைகளின் மடிப்புகள் எதிரெதிர்த் திசையில் சாய்ந்திருந்தால், இணைக்கும்போது ஒன்றோடொன்று கச்சிதமாக அமரும்.

பறக்கும் வாத்துகளுக்கு இன்னொரு வழி. 2½க்கு 4½ அங்குலச் செவ்வகத்தின் ஒரு மூலையில் 2½ அங்குலச் சதுரத்தை வைத்துக் குறுக்கே தைத்து, மூலையை வெட்டி எடுத்துவிட்டு மடித்தால் ஒரு சிறகு. எதிர் மூலையிலும் அதேபோல். வெட்டியெடுத்த மூலை முக்கோணங்களைத் தூக்கிப் போடாமல் இணைத்துத் தைத்தால் குட்டிச் சதுரங்கள் வரும். போர்வையின் ஓரத்துக்கு ஆகும்.

மெல்லிய பட்டைகள் மட்டுமே மிஞ்சியிருந்தால் ‘லாக் கேபின்’, அதாவது மரக்கட்டை வீடு. நடுவில் ஒரு சின்னச் சதுரம், பெரும்பாலும் சிவப்பு; அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள், இரண்டு பக்கம் வெளிர்ந்தது, இரண்டு பக்கம் அடர்ந்தது. இதன் அழகு தைப்பதில் பாதி, அடுக்குவதில் பாதி. பதினாறு பிளாக்குகளைத் தைத்து, நிழற்பக்கம் தொடர்ந்து வரும்படி அடுக்கினால் சாய்வான உழவுச்சால்கள் ஓடும். அந்த அடுக்குக்கு ‘நேர் உழவு’ என்றே பெயர். அதே பதினாறையும் திருப்பி வைத்தால் நடுவிலிருந்து ஒன்றுக்குள் ஒன்றாக வைரங்கள் விரியும். அதற்கு ‘களஞ்சியம் எழுப்புதல்’ என்று பெயர். ஒரு வீட்டுக் களஞ்சியத்தின் மரச்சட்டத்தை ஊரே கூடிநின்று தூக்கி நிறுத்துகிற வழக்கத்தின் பெயர் அது; ஆமிஷ் சமூகத்தார் இன்றும் அப்படித்தான் கட்டுகிறார்கள். குழந்தைக்கான விரிப்புக்கு ஒன்றை மட்டும் தேர்ந்தெடுக்கச் சொன்னால் இந்த அடுக்கைத்தான் சொல்வேன்.

களஞ்சியத்துக்கும் குயில்ட்டுக்கும் உள்ள உறவு பின்னால் வேறு விதமாகவும் வெளிப்பட்டது. ஒஹையோவின் ஆடம்ஸ் மாவட்டத்தில் டோனா சூ குரோவ்ஸ் என்பவர், குயில்ட் தைக்கும் தன் தாயைப் பெருமைப்படுத்த வீட்டுக் களஞ்சியச் சுவரில் ஒரு பிளாக்கை வரைய விரும்பினார். அது ஊர்த் திட்டமாக வளர்ந்து, 2001இல் அங்கே முதல் ஓவியம் ஏறியது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களிலும் கனடாவிலும் சாலையோரக் களஞ்சியங்களில் இந்த பிளாக்குகளைப் பார்த்துக்கொண்டே போகலாம்.

கையில் இருக்கிற துண்டுகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கிறதே என்று தயங்க வேண்டாம். நிறம் பொருந்த வேண்டியதில்லை. வெளிச்சமும் நிழலும் பிரிந்தால் போதும். எல்லாத் துண்டையும் தரையில் பரப்பி, போனில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பாருங்கள். வெளுத்துத் தெரிவது ஒரு குவியல், கறுத்துத் தெரிவது இன்னொன்று, இரண்டிலும் சேராதது மூன்றாவது. மூன்றாவது குவியலை முதல் பிளாக்குகளில் தொடாதீர்கள். கழியும் தெரியாமல் பின்னணியும் தெரியாமல் மங்கிப்போவது அதனால்தான். பருத்தியோடு பருத்தியே சேர வேண்டும். பாப்ளினோடு மெல்லிய மல் துணியை இணைத்தால் துவைக்கத் துவைக்க மல் கிழியும். சிவப்பும் கருநீலமும் சாயம் விடுகிறதா என்று ஈரமான வெள்ளைத் துணியால் தேய்த்துப் பார்த்து, வெட்டுவதற்கு முன்பே அலசிவிடுங்கள்.

பதினாறு பிளாக் சேர்ந்தால் 36 அங்குலச் சதுரம். தரையில் விரித்துக் குழந்தையைக் குப்புறப் போட அளவான இடம். பஞ்சுப் படலத்தையும் அடித்துணியையும் நான்கு பக்கமும் இரண்டு அங்குலம் கூடுதலாக வைத்து, மூன்றும் நகராமல் பெரிய தையலாக ஓட்டிப் பிடித்துக்கொண்டு, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தையுங்கள். ஓரத்துக்கு 2½ அங்குலப் பட்டையை நீளவாக்கில் இரண்டாக மடித்து வைத்தால் துவைப்பதைத் தாங்கும். மாட்டுக்குக் கண் வைக்கிறேன், கோழிக்குக் கொண்டை வைக்கிறேன் என்று பொத்தானோ மணியோ தைக்கக் கூடாது. குழந்தையின் வாய்க்குப் போகும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமியின் அறிவுரையும் தெளிவானது: ஒரு வயது நிறையும் வரை தூங்கும் குழந்தையின் படுக்கையில் குயில்ட், தளர்வான போர்வை எதுவும் கூடாது. அதுவரை பெரியவர்கள் பக்கத்திலிருக்கும்போது விளையாட்டு விரிப்பாகப் பயன்படுத்துங்கள். ஒரு வயதுக்குப் பிறகு போர்த்தலாம்.