நிற்பதா, கிளம்புவதா?

கட்டுவிரியன் பெரும்பாலும் இரவில், தரையில் படுத்து உறங்குபவரைத்தான் கடிக்கிறது. பல் சிறியது, வலி குறைவு, கடிவாய்கூடத் தெரியாமல் போகலாம். சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வட்டாரத்து நெல்வயல் கிராமம் ஒன்றில் இப்படிக் கடிபட்டவர், விடியற்காலையில் வயிற்றுவலி என்றுதான் எழுந்து உட்காருவார். சற்று நேரத்தில் இமைகள் தாமாகச் சரியும். பேச்சு குழறும். எச்சில் விழுங்க முடியாது. கடைசியில் மூச்சுத் தசைகளும் ஓய்ந்துவிடும். போய்விட்டார் என்று வீட்டார் அழத் தொடங்குவார்கள். அந்த அழுகை அவர் காதில் தெளிவாக விழுந்துகொண்டிருக்கக்கூடும்.

இந்தப் பாம்பின் நஞ்சு தாக்குவது, நரம்பு தசையைத் தொடும் முனைகளை. மூளை விழித்திருக்கிறது, கட்டளையும் இடுகிறது. தசைக்குத்தான் அது போய்ச் சேர்வதில்லை. விஷமுறிவு மருந்து மேற்கொண்டு சேதம் ஆகாமல் தடுக்கும். ஏற்கெனவே சிதைந்த முனைகளை உடனே சரிசெய்துவிடாது. அவை மெல்ல வளர்ந்து மீள நாட்கள் ஆகும். அதுவரை அவருக்காக வேறொருவர் மூச்சை நடத்திக்கொண்டிருந்தால் அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தே போவார்.

ஆம்புலன்ஸில் அந்த வேலையைச் செய்வது ஆம்பு பை. டென்மார்க்கைச் சேர்ந்த மருத்துவர் ஹென்னிங் ரூபன் 1950-களில் உருவாக்கிய, கையால் அமுக்கும் பை அது. அமுக்குவதற்கும் கணக்கு உண்டு. பெரியவர்களுக்கு 6 விநாடிக்கு ஒரு முறை, நெஞ்சு லேசாக உயரும் அளவுக்கு. பதற்றத்தில் வேகமாக அமுக்கினால் காற்று இரைப்பைக்குள் போகும்; வாந்தி வந்து நுரையீரலுக்குள் இறங்கும். நெஞ்சுக்குள் அழுத்தம் கூடி, இதயத்துக்குத் திரும்பும் ரத்தமும் குறையும். ஆக, இந்த நோயாளிக்கு மூச்சை முதலில் கைப்பற்ற வேண்டும், பிறகு விட்டுவிடாமல் வண்டியைக் கிளப்ப வேண்டும்.

அடுத்த அழைப்பு, இதயத் துடிப்பு திடீரென நின்றுபோன ஒருவருக்கு என்று வையுங்கள். மீன்பிடித் துறைமுகத்தில் ஒருவர் சரிந்து விழுகிறார், நாடி இல்லை. பார்ப்பவர்களுக்குத் தோன்றுவது ஒன்றுதான்: தூக்கி வண்டியில் போடு, ஓடு. இங்கே அது தவறான முடிவு. ரத்த ஓட்டம் நின்ற 10 விநாடி, 15 விநாடிக்குள் நினைவு போகும். 4 முதல் 6 நிமிடங்களில் மூளைச் செல்கள் சேதமடையத் தொடங்கும். அந்த நேரத்துக்குள் எந்த மருத்துவமனையையும் எட்ட முடியாது. ஓடும் வண்டியில் நெஞ்சை ஒழுங்காக அழுத்தவும் முடியாது. விழுந்த இடத்திலேயே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டருக்குக் குறையாத ஆழத்துக்கு அழுத்த வேண்டும். நன்றாகச் செய்தாலும் வழக்கமான ரத்த ஓட்டத்தில் கால் பங்கு, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். மூளையைத் தாக்குப்பிடிக்க வைக்க அது உதவும்.

அதோடு மின் அதிர்ச்சியும் உண்டு. திரையில் கோடு நேராகிவிட்டதும் சினிமாவில் டாக்டர் அதிர்ச்சி கொடுப்பார். உண்மையில் நேர்கோட்டுக்கு அதிர்ச்சி கொடுப்பதில்லை. அது தேவைப்படுவது, இதயத் தசைகள் தாறுமாறாகத் துடிதுடிக்கும்போது. ஆளாளுக்கு ஒரு திசையில் வடத்தை இழுத்தால் தில்லையின் தேர் நகராது. எல்லாரும் ஒருமுறை கைவிட்டு, ஒரே குரலுக்குத் திரும்பப் பிடிக்க வேண்டும். அதிர்ச்சி செய்வது அந்தக் கைவிடலைத்தான். ஒரு கணம் இதயம் முழுவதையும் அடக்குகிறது. பிறகு இதயத்தின் இயற்கைத் தாளக்கட்டு தானே பொறுப்பெடுத்துக்கொள்ளும் என்று காத்திருக்கிறோம்.

மூன்றாவது அழைப்பு, கடலூர்–சிதம்பரம் சாலையில் பைக் விபத்து. இருபது வயதுப் பையன். பேசுகிறான், "ஒண்ணும் இல்லண்ணா" என்கிறான். ரத்த அழுத்தமும் சரியாகவே காட்டுகிறது. உடம்பில் சுமார் 5 லிட்டர் ரத்தம். அதில் ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் வயிற்றுக்குள் கசியும்வரைகூட, இளம் உடல் ரத்தக் குழாய்களைச் சுருக்கி, இதயத்தை விரட்டி, அழுத்தத்தை விழாமல் பிடித்துக்கொள்ளும். அது விழும்போது கைமீறும் கட்டம் நெருங்கியிருக்கும். எனவே கருவியில் தெரியும் எண்ணைவிட, குளிர்ந்த கை, வேகமான நாடி, நகத்தை அழுத்தி விட்டால் சிவப்பு திரும்பப் பிடிக்கும் நேரம் ஆகியவற்றைப் படிக்க வேண்டும். இவனுக்குச் சாலையோரத்தில் செய்யக்கூடியது குறைவு. வெளிக்காயத்தை அழுத்திக் கட்டு, கிளம்பு. சலைனை லிட்டர் கணக்கில் ஏற்றினால் ரத்தம் நீர்த்து உறையும் தன்மை குறையும். உடல் குளிர்ந்தாலும் ரத்தம் சரியாக உறையாது. சித்திரை வெயிலிலும் இவனைப் போர்த்தித்தான் கொண்டுபோக வேண்டும். எங்கே? பக்கத்தில் இருப்பது மட்டும் போதாது; அறுவைக்கூடமும் ரத்தமும் தயாராக இருக்க வேண்டும். கடலூர் தலைமை மருத்துவமனையா, சிதம்பரம் அண்ணாமலை நகரில் 1985-ல் தொடங்கி இன்று அரசுக் கல்லூரியாக உள்ள மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, புதுச்சேரி ஜிப்மரா? இதுவும் சிகிச்சையின் ஒரு பகுதி.

ஒரே சைரன், மூன்று விதமான முடிவுகள். ஒருவருக்கு மூச்சோடு பயணம், ஒருவருக்கு அங்கேயே நிற்பது, ஒருவருக்கு உடனே ஓடுவது. செய்முறையைச் சில வாரங்களில் கற்றுவிடலாம். எது எவருக்கு என்று பிரித்தறிய, நரம்பும் இதயமும் ரத்தமும் எப்படி வேலை செய்கின்றன என்று தெரிந்திருக்க வேண்டும். பட்டப்படிப்பு தேவைப்படுவது இதற்குத்தான்.

தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் சேவை 2008 செப்டம்பரில் தொடங்கியது. வண்டி ஓட்டுபவரைப் பைலட் என்கிறார்கள். நோயாளியோடு இருப்பவர் மருத்துவ உதவியாளர். செவிலியர் படிப்போ, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பப் பட்டயமோ (டி.எம்.எல்.டி.), உயிரியல் சார்ந்த பட்டமோ பெற்றவர்களை எடுத்து, சுமார் 50 நாள் பயிற்சி தந்து அனுப்பும் முறைதான் பெரும்பாலும். அந்தப் பயிற்சியோடு அவர்கள் காத்த உயிர்கள் ஏராளம். முழுநேரப் படிப்பாக, தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழ் விபத்து, அவசர சிகிச்சைத் தொழில்நுட்பத்தில் பி.எஸ்சி. இருக்கிறது: 3 ஆண்டு படிப்பு, 1 ஆண்டு உள்ளுறைப் பயிற்சி. உடற்கூறியல், உடலியங்கியல், மருந்தியல் எல்லாம் உண்டு. பிளஸ் டூவில் உயிரியல் படித்தவர்கள் விண்ணப்பிக்கலாம்; நீட் தேவையில்லை. 2021-ல் வந்த துணை மருத்துவத் தொழில்களுக்கான தேசிய ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பரையும் தனித் தொழிலாகவே பட்டியலிட்டிருக்கிறது.

சேர நினைக்கும் மாணவர்கள் கல்லூரியில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி உண்டு: "பயிற்சிக் காலத்தில் எங்களை எத்தனை மாதம் ஆம்புலன்ஸில் அனுப்புவீர்கள்?" வார்டில் டாக்டர் அருகில் இருப்பார். முடிவைத் தனியாக எடுத்துப் பழக வண்டிதான் இடம். பதில் தயங்கி வந்தால், அடுத்த கல்லூரியையும் விசாரித்துவிட்டுப் பணம் கட்டலாம்.