கட்டியும் கலக்கமும்

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறி, அவற்றுள் ஒன்றாகிய அச்சம் பிறக்கும் நிலைக்களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கினை வகுத்துள்ளார். நான்கும் மனிதனுக்குப் புறத்தே நிற்பவை. தன் உடலையே தான் அஞ்சும் அச்சம் ஒன்றுண்டு. அதற்கு அப்பட்டியலில் இடமில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு அறுவையும் கதிர்வீச்சும் மருந்தும் பெற்று, நலம் என்று மருத்துவரால் வீட்டுக்கு அனுப்பப்பட்ட பெண்ணொருத்தி, ஓராண்டு கழித்துக் குளிக்கும்போது வடுவின் ஓரத்தில் புளியங்கொட்டையளவு தடிப்பொன்றைத் தொட்டுணர்கிறாள் என்று கொள்வோம். அந்நொடியில் அவளைப் பற்றும் அச்சம் அத்தகையது. அதனை விளக்கவே இக்கட்டுரையை எழுதப் புகுந்தோம். தமிழ்த்துறை மலரில் மருத்துவம் எதற்கு என வினவுவோர் இருக்கலாம். மருந்து என்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரைப் பாடம் சொல்லும் நமக்கு இஃது அயலான பொருளன்று.

இந்நோயைப் பெயர் சொல்லிப் பேசும் வழக்கம் நம் கடற்கரை ஊர்களில் இன்னும் முழுமையாக வரவில்லை. 'அந்த நோய்' என்று குரலைத் தாழ்த்தியே கூறுவர். தமிழகத்தில் இம்மௌனத்தைக் கலைத்தவர்களுள் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தலையாயவர். 1923இல் தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த அவர், 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையைத் தோற்றுவித்தார். 12 படுக்கைகளுடன் தொடங்கிய அந்நிலையத்தில் அறுபதாண்டுகளுக்கு மேல் உழைத்து 2021இல் மறைந்த டாக்டர் வி. சாந்தா, புற்றுநோய் என்றால் சாவு என்னும் எண்ணத்தை மாற்றப் பாடுபட்டார். இன்று தொடக்க நிலையில் கண்டறியப்பெறும் மார்பகப் புற்றுநோயாளருள் மிகப் பலர் நெடுநாள் வாழ்கின்றனர். அவ்வாறு வாழ்வோர் பெருகப் பெருக, பிழைத்தவர் அச்சம் என்பதும் மருத்துவர் கவனத்திற்கு வந்தது. மேலைநாட்டில் குழந்தைப் பருவப் புற்றுநோயிலிருந்து மீண்டோரை ஆராய்ந்த கூச்சர், ஓமாலி ஆகிய இருவரும் 1981இல் இந்நிலைக்கு டாமக்கிளிஸ் என்னும் கதைமாந்தன் பெயரை இட்டனர். தலைக்கு மேல் ஒற்றை மயிரிழையில் வாள் தொங்க, விருந்துண்ண அமர்ந்தவன் அவன்.

இனி அத்தடிப்பிற்கு வருவோம். சிகிச்சை பெற்ற மார்பு பழைய மார்பன்று. கத்தி பட்ட இடத்தில் நார்த்திசு தடித்து வடு உருவாகும். அறுவைக்குப் பின் சில வாரங்களில் உள்ளே நீர் கோத்து மெத்தென வீங்குவதுண்டு. அறுவையாலும் கதிர்வீச்சாலும் இரத்த ஓட்டம் குன்றிய கொழுப்புத் திசு மடிந்து இறுகிக் கல்லைப்போல் கட்டியாவதும் உண்டு. இது சிகிச்சை முடிந்து சில மாதங்களிலும் வரும், சில ஆண்டுகள் கழித்தும் வரும். கைக்குப் புற்றுக்கட்டி போன்றே தோன்றுவதால் பெரிதும் கலங்க வைப்பது இதுவே. உள்தையலின் முடிச்சைச் சுற்றியும் சிறு கட்டி எழலாம். அக்குளிலிருந்து முழங்கை வரை தங்கூசியை இழுத்துக் கட்டினாற்போல் ஒரு கயிறு விறைப்பதைச் சிலர் காண்பர். நிணநீர்க் குழல்களைச் சார்ந்த அது, பயிற்சியினால் பெரும்பாலும் சில மாதங்களில் தளர்ந்துவிடும். மார்பு முழுவதும் அகற்றப்பட்டவர்க்கோ, விலா எலும்பும் குருத்தெலும்பும் கூடும் இயற்கையான மேடுகளே புதிய கட்டிகளாகத் தோன்றும். பிறந்த நாள்தொட்டு உடன் இருந்தவைதாம்; மேலிருந்த சதை போனமையால் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. கையில் புண் வந்தாலும், கொரோனா தடுப்பூசி போன்றவற்றைப் போட்டுக்கொண்டாலும், அக்குள் நெறி கட்டிப் பின் அடங்கும்.

இவ்வளவையும் படித்துவிட்டு, ஆகவே அஞ்ச வேண்டியதில்லை என்று எவரும் முடிவு கட்டிவிடலாகாது. நோய் திரும்புவதும் உண்மையே. முதல் சில ஆண்டுகளில் அதற்கான வாய்ப்பு மிகுதி. ஹார்மோனைச் சார்ந்து வளரும் வகையோ பத்தாண்டு கடந்தும் திரும்பக்கூடும். வடுவின் மீதோ அதனருகிலோ செந்நிறச் சிறு பருக்கள், காறை எலும்பின் மேல் கட்டி, அடுத்த மார்பில் புதிய தடிப்பு, காம்பில் கசிவு, கை திடீரென வீங்குதல் ஆகியவற்றைப் பொறுத்திருந்து பார்க்கலாகாது. வலி இல்லையே என்று ஆறுதல் கொள்வோர் நம்மிடையே மிகப் பலர். புற்றுக்கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அப்படியாயின் எது எதுவென்று எங்ஙனம் அறிவது? விரலால் அறிய முடியாது. தேர்ந்த மருத்துவரின் விரலாலும் உறுதியாக அறிய முடியாது. அதனாற்றான் மருத்துவர் தொட்டுப் பார்த்தபின் மாமோகிராம் அல்லது ஸ்கேன் எடுக்கின்றார். ஐயம் நீங்காவிடின் ஊசியால் துளித் திசு எடுத்துச் சோதிக்கின்றார். ஊசி குத்தினால் நோய் பரவிவிடும் என்னும் பேச்சு நம் ஊர்களில் உண்டு. அதற்கு அஞ்சிச் சோதனையைத் தள்ளுவோர், நேரத்தை இழக்கின்றனர்.

இவ்விடத்தில் இரு சாராரைக் காண்கிறோம். ஒரு சாரார் நாளைக்குப் பத்து முறை அழுத்திப் பார்ப்பர். அழுத்த அழுத்த அவ்விடம் கன்றி வலிக்கும். வலிக்க வலிக்க ஐயம் வளரும். உடல் முழுவதும் ஸ்கேன் எடுங்கள், இரத்தம் பாருங்கள் என்று மருத்துவரை வற்புறுத்துவர். இத்தாலி நாட்டில் இதை முறையாகவே ஆராய்ந்தனர். ஒரு பகுதிப் பெண்களுக்கு எலும்பு ஸ்கேன், கல்லீரல் சோதனை, மார்பு எக்ஸ்ரே எனக் காலந்தோறும் எடுத்தனர். மறுபகுதியினரை மருத்துவர் நேரில் பார்த்ததோடு மாமோகிராம் மட்டும் எடுத்தனர். 1994இல் வெளியான இரு ஆய்வுகளும், அவற்றுள் ஒன்றில் மட்டும் 1,320 பெண்கள், வாழ்நாளில் வேறுபாடில்லை என்றே காட்டின. ஆதலின் அறிகுறி ஏதும் இல்லாதவர்க்கு முதல் மூன்றாண்டுகள் 3 முதல் 6 மாதத்துக்கொரு முறை நேர்ப் பரிசோதனை, பின் இரண்டாண்டுகள் 6 முதல் 12 மாதத்துக்கொரு முறை, அதன்பின் ஆண்டுக்கொரு முறை. எஞ்சிய மார்புக்கு ஆண்டுதோறும் மாமோகிராம் என்பதே பெரிதும் பின்பற்றப்படும் ஒழுங்கு. வீட்டில் தொட்டுப் பார்ப்பதற்கும் மாதத்தில் ஒரு நாளைக் குறித்துக்கொள்வது நலம். பிறை பிறந்தபின் வரும் முதல் வெள்ளி என்று வைத்துக்கொண்டால் மறக்காது. தன் வடுவின் மேடுபள்ளம் இன்னதென்று பழகிவிட்டால், புதியது எது என்பது தானே தெரியும்.

மற்றொரு சாரார் ஒளிப்பவர். கணவர் சபரில் இருப்பார். விடுமுறைக்கு வரட்டும் என்று காத்திருப்பர். மகள் திருமணம் முடியட்டும் என்பர். நோன்பு கழியட்டும் என்பர். 'அல்லாஹ் விட்ட வழி' என்றும் சொல்வர். ஒட்டகத்தைக் கட்டிவிட்டு இறைவன்மேல் பொறுப்புச் சாட்டும்படி பெருமானார் (ஸல்) அறிவுறுத்தியதை மேடைதோறும் கேட்கிறோம். மருத்துவரிடம் செல்வதுதான் ஈண்டு ஒட்டகத்தைக் கட்டுதல். அஞ்சுவதும் ஈமானில் வந்த குறையன்று. அழுதவரைப் பார்த்து, தவக்குல் இல்லையா என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம். அச்சம் உறக்கத்தையும் உணவையும் கெடுக்குமளவு முற்றின், அதற்கும் சிகிச்சை உண்டு. அடையாறு நிலையத்தில் உளவியலுக்கென்றே தனித் துறை இயங்குகிறது.

தொலைவும் ஒரு தடைதான். 2022 டிசம்பரில் பழைய பாம்பன் பாலத்தில் இரயில் நின்றபின், 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கும் வரை இராமேசுவரம் தீவினர் பாலத்தைக் கடந்து வந்தே இரயிலேற வேண்டியிருந்தது. எனினும் முதற் பரிசோதனைக்கு மதுரையோ சென்னையோ போக வேண்டும் என்பதில்லை. இராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரியே திறக்கப்பட்டுவிட்டது. செல்லும்போது பழைய அறுவைக் குறிப்பு, திசுச் சோதனை முடிவு, கடைசி மாமோகிராம் படம் மூன்றையும் கொண்டுசெல்லுதல் வேண்டும். பழைய படத்தோடு ஒப்பிட்டாலன்றிப் புதிய படம் பாதியே பேசும். கடல்காற்றில் படம் ஒட்டிக்கொள்ளும் ஊர் நம்முடையது. பிளாஸ்டிக் உறையிலிட்டுப் பெட்டியில் வைப்பது நன்று.

வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்து, நோயாளி, மருத்துவன், மருந்து ஆகியவற்றோடு உடனிருந்து உதவுபவனையும் ஒரு கூறாக எண்ணினார். ஊசிச் சோதனைக்கும் முடிவு வருவதற்கும் இடைப்பட்ட நாள்களில் அந்நான்காம் கூறே பெரிதும் வேண்டப்படுவது. 'ஒன்றும் இருக்காது லாத்தா' என்று தங்கை சொல்லும்போது அக்காளின் வாய் அடைபடுகிறதேயன்றி அச்சம் அகல்வதில்லை. 'எந்தக் கிழமை முடிவு வரும்? நானும் வருகிறேன்' என்று கேட்டு, அன்று விடியற்காலையில் பேருந்து நிலையத்தில் வந்து நிற்கும் தங்கையைப் பார்த்திருக்கிறோம்.