வியர்க்காமல் கடக்க வேண்டிய இரவு

எங்கள் தெருமுனை டீக்கடைக்கு மாலையில் ஒரு சைக்கிள் வந்து நிற்கும். டயர் மோட்டார் சைக்கிள் டயரைவிடத் தடிமன். ஓட்டி வருகிற பையன் பதினோராம் வகுப்பு படிக்கிறான். போன வாரம் இஞ்சி டீயோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவன், "அண்ணே, பார்க்க கெத்தா இருக்குன்னு வாங்கிட்டேன். மிதிச்சா நகரவே மாட்டேங்குது. இந்த டயரை எதுக்குத்தான் கண்டுபிடிச்சாங்க?" என்று கேட்டான்.

அவனுக்குப் பதில் சொல்ல ஒரு பந்தயத்தைச் சொல்ல வேண்டியிருந்தது. டீ இரண்டு முறை வந்து ஆறிப்போனது. எனக்கு மிகவும் பிடித்த விஷயம் என்பதால் நிறுத்த மனம் வரவில்லை. அன்று சொன்னதையே இங்கே இன்னும் நிதானமாக எழுதுகிறேன்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி இன்டர்நேஷனல் ஃபால்ஸ் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. 'நாட்டின் ஐஸ்பெட்டி' என்று தன்னையே பெருமையாக அழைத்துக்கொள்ளும் ஊர். அங்கிருந்து ஜனவரிக் கடைசியில், ஒரு திங்கட்கிழமை காலை 7 மணிக்குப் புறப்படுகிறது ஆரோஹெட் 135 என்ற பந்தயம். 2005-இல் தொடங்கியது. தூரம் 135 மைல், அதாவது 217 கிலோமீட்டர். பாதை முழுக்கப் பனி. ஸ்னோமொபைல் வண்டிகள் ஓடுவதற்காக ஊசியிலைக் காட்டுக்கும் உறைந்த சதுப்புக்கும் நடுவே போட்ட தடம் அது. சைக்கிளில் போகலாம், பனிச்சறுக்குக் கட்டையில் போகலாம், நடந்தும் போகலாம். அறுபது மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். பின்னால் கார் வராது, கூட ஆள் வரமாட்டார். நடுவில் சில தங்குமிடங்கள் மட்டும் உண்டு.

புறப்படும்போதே இருட்டு. எட்டு மணிக்குச் சற்று முன்னால்தான் சூரியன் எழும், மாலை ஐந்தே காலுக்கெல்லாம் மறைந்துவிடும். மீதி பதினாலரை மணி நேரம் இரவு. பனி இறுகியிருக்கும் ஆண்டுகளில் வேகமானவர்கள் நள்ளிரவுக்கு முன்பே முடித்துவிடுவார்கள். மற்றவர்களுக்கு ஓர் இரவு முழுக்க மிதிப்பதுதான், சிலருக்கு இரண்டாவது இரவும் உண்டு. மைனஸ் 20, மைனஸ் 30 டிகிரியெல்லாம் அங்கே வழக்கமான குளிர். மைனஸ் 40-ஐ நெருங்கிய இரவுகளும் உண்டு. அந்த ஓர் இடத்தில் மட்டும் செல்சியஸும் ஃபாரன்ஹீட்டும் ஒரே எண்ணில் சந்திக்கின்றன.

"குளிர்ல எப்படிண்ணே தாங்குறாங்க?" என்றான் பையன். எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவோம். ஆனால் அந்தப் பந்தயத்தில் பழகியவர்கள் குளிரைவிட அதிகமாகப் பயப்படுவது வியர்வைக்கு.

மண்பானையை நினைத்துப் பாருங்கள். பானையின் மேனியில் கசியும் ஈரம் ஆவியாகும்போது உள்ளே இருக்கும் தண்ணீரின் சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. அதனால்தான் சித்திரை வெயிலிலும் பானைத் தண்ணீர் சில்லென்று இருக்கிறது. வியர்த்து நனைந்த பனியனைப் போட்டுக்கொண்டு பனியில் நிற்கிற மனிதனும் அந்தப் பானைதான். அதோடு இன்னொரு கேடும் சேர்ந்துகொள்கிறது. கம்பளியும் இறகு அடைத்த மேல்சட்டையும் நம்மைக் காப்பது அவற்றின் இழைகளுக்கிடையே அடைபட்ட காற்றால். அந்த இடத்தில் தண்ணீர் புகுந்துவிட்டால் சூடு கடத்தும் வேகம் ஏறக்குறைய இருபத்தைந்து மடங்காகிவிடும். சட்டை இருக்கிறது, காப்பு போய்விட்டது.

சரி, அந்தக் குளிரில் ஏன் வியர்க்க வேண்டும்? சாப்பிட்டதிலிருந்து உடம்பு எடுக்கும் சக்தியில் நாலில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகிறது. மீதி மூன்று பங்கு சூடு. பெடலில் 100 வாட் அழுத்துகிறவர் உடம்புக்குள் சுமார் 300 வாட் அடுப்பு எரிகிறது. பனியில் ஏற்றம் என்றால் இன்னும் கூடும். ஏறி முடித்து நின்றால் அந்த அடுப்பு சட்டென்று நூறு வாட்டுக்கு அருகில் இறங்கிவிடும். ஆனால் வியர்வை அங்கேயே இருக்கும். ஏறும்போது தெரியாத ஆபத்து, ஏறி முடித்த பத்தாவது நிமிடத்தில் வந்து நிற்கும்.

அதனால் அங்கே ஒரு பழக்கம்: கொஞ்சம் நடுங்கிக்கொண்டே புறப்பட வேண்டும். கிளம்பும்போது கதகதப்பாக இருந்தால் உடை அதிகம் என்று பொருள். மேடு வருவதற்கு முன்பே ஜிப்பைத் திறந்துவிடுவார்கள், தொப்பியைக் கழற்றுவார்கள். வியர்க்கத் தொடங்கினால் இறங்கித் தள்ளுவார்கள். உச்சியில் நின்று, இறங்குவதற்கு முன் எல்லாவற்றையும் மூடிக்கொள்வார்கள். ஓர் இரவில் இதை நூறு முறையாவது செய்ய நேரும். வேகமாகப் போகத் தெம்பிருந்தும் மெதுவாகப் போகிற மனக்கட்டுப்பாடு அது. எந்த விளையாட்டிலும் இதைவிடக் கடினமான ஒழுக்கத்தை நான் கேள்விப்பட்டதில்லை.

காலுக்கு அவர்கள் செய்யும் ஏற்பாடு இன்னும் வினோதம். மெல்லிய காலுறை போட்டு, அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை மாட்டி, அதற்குமேல் தடித்த கம்பளிக் காலுறை போடுகிறார்கள். பாதம் உள்ளே ஈரமாகத்தான் இருக்கும், கொஞ்சம் வெந்ததுபோலக்கூட ஆகும். ஆனால் அந்த ஈரம் கம்பளியைத் தொடாது, கம்பளி உலர்ந்திருக்கும்வரை விரல்கள் பிழைக்கும். கைக்கு வேறு வழி. ஹேண்டில்பாரோடு சேர்த்துக் கட்டிய பெரிய உறைக்குள் கையை நுழைத்துக்கொள்வார்கள். உள்ளே மெல்லிய கையுறை போதும், பிரேக்கும் கியரும் கைக்கு எட்டும்.

குடிக்கிற தண்ணீர் ஒரு தனிப் பாடு. தண்ணீர்ப் பையை மேல்சட்டைக்குள் முதுகோடு ஒட்டிச் சுமக்கிறார்கள். குழாயில் உறிஞ்சிக் குடித்ததும் திரும்ப ஊதி, குழாயில் நிற்கும் தண்ணீரைப் பைக்குள்ளேயே தள்ளிவிட வேண்டும். மறந்தால் அது குழாய்க்குள்ளேயே உறைந்து அடைத்துக்கொள்ளும். பாட்டில் கொண்டுபோகிறவர்கள் அதைத் தலைகீழாகச் செருகி வைப்பார்கள். பனிக்கட்டி மிதப்பதால் தண்ணீர் மேற்பக்கமிருந்தே உறையும். கவிழ்த்து வைத்தால் அடிப்பாகம் உறையும், மூடி திறக்க வரும். இப்படி ஒரு சின்ன யோசனையைக் கேட்கும்போதெல்லாம் அதை முதலில் யோசித்தவருக்குக் கை கொடுக்கத் தோன்றும்.

பேட்டரிக்கும் ஈரத்தோடு கணக்கு உண்டு. நாம் கடையில் வாங்கும் சாதாரண அல்கலைன் பேட்டரிக்குள் இருப்பது நீர் சேர்ந்த கரைசல், கடும் குளிரில் அது சோர்ந்துவிடும். லித்தியம் பேட்டரி தாக்குப்பிடிக்கும் என்பதால் அதைத்தான் நம்புகிறார்கள். மாற்று பேட்டரி உள்சட்டைப் பையில் உடம்போடு இருக்கும்.

இப்போது டயருக்கு வருகிறேன். பையன் இதற்குத்தான் காத்திருந்தான்.

1987-இல் அலாஸ்காவில், நாய்கள் இழுக்கும் வண்டிகளுக்குப் பேர்போன இடிடராட் தடத்தில் இடிடாபைக் என்று ஒரு சைக்கிள் பந்தயம் வைத்தார்கள். 200 மைல். சாதாரண டயர்கள் பனியில் புதைந்தன, தள்ளியதே அதிகம். அங்கிருந்து ஆளாளுக்கு ஏதாவது செய்து பார்த்தார்கள். இரண்டு ரிம்களைச் சேர்த்து வெல்டிங் வைத்தவர்கள் உண்டு. ஃபேர்பேங்க்ஸ் நகரத்து சைமன் ரகோவர் 44 மில்லிமீட்டர் அகல ரிம் ஒன்றை உருவாக்கினார். அதே சமயம் மெக்சிகோ பக்கத்து மணலில் ஓட்டுவதற்காக ரே மோலினா இன்னும் அகலமான ரிம்மும் டயரும் செய்துகொண்டிருந்தார். பனிக்காரர்களும் மணல்காரர்களும் ஒரே தேவைக்கு வந்து சேர்ந்தார்கள். 2005-இல் மினசோட்டாவைச் சேர்ந்த சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற சைக்கிளை 3.7 அங்குல டயரோடு விற்பனைக்குக் கொண்டுவந்தது. பட்டறைகளில் பிறந்தது கடைக்கு வந்தது அப்போதுதான். ஆரோஹெட் தொடங்கியதும் அதே ஆண்டு, அதே மாநிலத்தில்.

தடிமனால் என்ன லாபம் என்பது கணக்கில்தான் விளங்கும். ஆள், சைக்கிள், மூட்டை எல்லாம் சேர்த்து 110 கிலோ என்று வையுங்கள். டயரில் சதுர அங்குலத்துக்கு 30 பவுண்டு காற்று இருந்தால், இரண்டு டயரும் சேர்ந்து தரையைத் தொடும் இடம் சுமார் மூன்று தீப்பெட்டி அளவு. அதே எடையை 5 பவுண்டு காற்றில் நிறுத்தினால் ஏ4 தாளில் பாதி. அவ்வளவு பரப்பில் எடை பரவும்போது பனி தாங்கிக்கொள்கிறது. ஒல்லி டயரில் 5 பவுண்டு வைத்தால் ரிம் தரையில் இடிக்கும். காற்றைக் குறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் டயர் தடித்தது.

இந்தக் குறைந்த காற்றில் ஒரு கண்ணி இருக்கிறது. 20 டிகிரி வெப்பமுள்ள அறையில் 8 பவுண்டு அடித்துவிட்டு மைனஸ் 30-க்குள் போனால், உள்ளே காற்று சுருங்கி நாலு பவுண்டுக்கு வந்துவிடும். ஓட்டை ஏதும் வேண்டாம், குளிரே பாதியைத் தின்றுவிடும். அதனால் வெளியில் நிறுத்தி, சைக்கிள் குளிர்ந்த பிறகே காற்றைச் சரிபார்க்கிறார்கள். பின்சக்கர ஃப்ரீவீலில் நாம் வைக்கிற கிரீஸும் அங்கே உதவாது. இறுகிப்போய், உள்ளே இருக்கும் சின்ன இரும்பு நாக்குகள் பல்லில் விழாமல் ஒட்டிக்கொள்ளும். பெடல் வெறுமனே சுற்றும். கிரீஸைத் துடைத்துவிட்டு, குளிரில் கெட்டியாகாத மெல்லிய எண்ணெய் விடுவார்கள்.

இரவு இவர்களுக்குப் பகையென்றே பையன் நினைத்தான். பாதி சரி. பகலில் ஸ்னோமொபைல்கள் கிளறிப்போட்ட பனி, இரவில் ஆள் நடமாட்டம் அடங்கியதும் தன்னைத்தானே கட்டிக்கொள்ளும். ஜாடியில் உப்பு கட்டிதட்டுவதுபோல, துகளும் துகளும் தொடுமிடத்தில் ஒட்டி மெல்ல இறுகும். சாயங்காலம் புதைந்த தடம் நள்ளிரவில் தாங்கலாம். ஆனால் மிகக் கடும் குளிரில் புதுப் பனி விழுந்திருந்தால் நிலைமை வேறு. உலர்ந்த துகள் ஒன்றோடொன்று தேய்ந்து மணல்போல முரமுரவென்று ஓசை கொடுக்கும், டயரைப் பிடித்து இழுக்கும்.

ஏறக்குறைய பாதி வழியில், உறைந்துபோன எலிஃபண்ட் ஏரியைக் கடந்ததும் மெல்ஜார்ஜ்ஸ் என்ற விடுதியின் மரவீடு. சூடான சூப்பும் சீஸ் வைத்துச் சுட்ட ரொட்டியும் கிடைக்கும். பந்தயத்தின் மிகக் கடினமான இடம் இதுதான் என்பது என் எண்ணம். கதகதப்பு ஆளைக் கட்டிப்போடுகிறது, பலர் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். இங்கேயும் ஈரம் காத்திருக்கிறது. வழியெல்லாம் உடம்பிலிருந்து கிளம்பிய ஆவி மேல்சட்டையின் உட்புறத்தில் வெள்ளைப் பொடியாக உறைந்திருக்கும். அடுப்புப் பக்கம் வந்ததும் அது உருகி உடையை நனைத்துவிடும். முழுக்கக் காயவைக்கப் பொறுமை வேண்டும். அரைகுறையாகக் காய்ந்த உடையோடு வெளியே போகக் கூடாது.

பிறகு வருவது நடுச்சாமம் தாண்டிய நேரம். விடிவதற்கு இரண்டு மூன்று மணி நேரம் இருக்கும்போது உடம்பின் வெப்பம் இயல்பாகவே மிகத் தாழ்ந்திருக்கும். தூக்கம் கண்ணை இழுக்கும். தலைவிளக்கு வெளிச்சம் ஒரு வெண்ணிறக் குகையை மட்டும் காட்டும். பனி மூடிய அடிமரம் ஆள் உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். அப்போது அவர்கள் கட்டைவிரலால் சுண்டுவிரலைத் தொட்டுப் பார்ப்பார்கள். தொட முடியவில்லை என்றால் கை தன் வேலையை விடத் தொடங்கிவிட்டது. உடனே சாப்பிட வேண்டும், உடை சேர்க்க வேண்டும், இறங்கி நடக்க வேண்டும். நாக்கு குழறுவதும் எச்சரிக்கைதான். நடுக்கம் இருக்கும்வரை உடம்பு போராடுகிறது. குளிர் குறையாமல் நடுக்கம் மட்டும் நின்றுபோனால் உயிருக்கே ஆபத்து.

பந்தய விதிகளைப் படித்தால் இதையெல்லாம் அனுபவித்தவர்கள் எழுதியது என்று புரியும். மைனஸ் 29 டிகிரி தாங்கும் தூக்கப்பை, அடுப்பு, எரிபொருள், பாத்திரம் எல்லாம் கட்டாயம். முடிக்கும் இடத்தில்கூட 3000 கலோரி உணவு கையில் மிச்சம் இருக்க வேண்டும். பின்னால் வரும் ஸ்னோமொபைலுக்குத் தெரிய, மின்னும் சிவப்பு விளக்கு வேண்டும். கழுத்தில் ஒரு விசில் தொங்க வேண்டும். உறைந்த உதட்டால் சீழ்க்கை அடிக்க வராது அல்லவா, அதற்காக.

கடைசிப் பகுதியில் வேக்கமப் என்று ஒரு குன்று. அதன் உச்சியில் நின்றால் கீழே இருந்ததைவிடக் குளிர் குறைவாக இருக்கும். குளிர்ந்த காற்று கனமானது. தண்ணீர்போல வழிந்து பள்ளத்தில் தேங்கும். குன்றுக்கு அந்தப் பக்கம் நீளமான சதுப்பு நிலம், அந்தத் தேங்கிய குளிருக்குள்தான் இறங்கியாக வேண்டும். சூரியன் எழுந்துவிட்டால் சரியாகிவிடும் என்று நினைப்போம். ஆனால் தரை இரவெல்லாம் சூட்டை வானத்துக்கு இழந்துகொண்டே இருக்கிறது. வெயில் அந்த இழப்பை ஈடுகட்டும்வரை குளிர் இறங்கிக்கொண்டேதான் இருக்கும். கிழக்கு சிவந்து, மரங்கள் தெரிந்து, மனம் தெளிந்த பிறகுதான் இரவின் மிகத் தாழ்ந்த டிகிரி வருகிறது. வெர்மிலியன் ஏரிக்கரையில், பூர்வகுடிகளான போய் ஃபோர்ட் மக்கள் நடத்தும் ஃபார்ச்சூன் பே விடுதி வாசலில் பந்தயம் முடியும்போது, வருகிறவர்களின் புருவத்திலும் தாடியிலும் அவர்கள் மூச்சே பனிக்கட்டியாகத் தொங்கிக்கொண்டிருக்கும்.

பையன் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து தன் டயரை அமுக்கிப் பார்த்தான். கட்டைவிரல் உள்ளே போனது. "கடையில எவ்வளவு அடிச்சாங்கன்னே தெரியலண்ணே."

"தார் ரோட்டுக்கு இது கம்மிப்பா. டயர் பக்கத்துல போட்டிருக்கிற அளவைப் பார்த்து, அதுக்குள்ள இருபதுகிட்ட வச்சுக்க. இப்ப அது பனியில போறதா நினைச்சுட்டு ரோட்டை முழுசா பிடிச்சுக்குது, அதான் நகரமாட்டேங்குது."

"அப்ப காவிரி மணல்ல ஓட்டணும்னா?"

"அங்க போனதும் வால்வை அமுக்கிக் கொஞ்சம் கொஞ்சமா காத்தை விடு. புதையாம ஓட ஆரம்பிச்சதும் நிறுத்திக்க. திரும்பி வரும்போது அடிக்கணும், பம்பு எடுத்துட்டுப் போ."