விழுந்தவர் 'ஒண்ணுமில்லை' என்கிறாரா? 24 மணி நேரம் கவனியுங்கள்!

ஓசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, தேசிய நெடுஞ்சாலை 44-ல் இருக்கிறது சூளகிரி. ஷிப்ட் முடிந்து பைக்கில் திரும்பும் தொழிலாளர்கள், கொத்தமல்லிக் கட்டுகளோடு சந்தைக்குப் போகும் விவசாயிகள், பெங்களூருக்குப் பறக்கும் லாரிகள் என எல்லோருக்கும் இதே சாலைதான். பைக் சறுக்கி விழுபவர் பல நேரம் தானே எழுந்து, மண்ணைத் தட்டிவிட்டு, 'ஒண்ணுமில்லைங்க' என்று கிளம்பிவிடுவார். ரத்தம் வரவில்லை என்றால் வீட்டிலும் நிம்மதி. ஆனால், தலையில் அடிபட்டவருக்கு உண்மையான ஆபத்து, மண்டைக்குள் கசியும் ரத்தம்தான்.

நடிகை நடாஷா ரிச்சர்ட்சன், 2009 மார்ச் 16 அன்று கனடாவில் பனிச்சறுக்குப் பயிற்சியின்போது விழுந்தார். வெளிக்காயம் இல்லை, இயல்பாகப் பேசினார். வந்த ஆம்புலன்ஸையும் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சிறிது நேரத்தில் தலைவலி தொடங்கியது. இரண்டே நாட்களில் இறந்துபோனார். வயது 45.

உள்ளே நடப்பது என்ன?

காதுக்கு முன்னால், நெற்றி ஓரத்தில் உள்ள எலும்பு மெல்லியது. அதன் உள்பக்கம் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்தால் ரத்தம் மெல்லச் சேரும். மண்டையோடு விரிந்து இடம் கொடுக்காது, மூளைதான் நசுங்கும். அழுத்தம் ஏறும்வரை அவர் தெளிவாகவே இருப்பார். வயதானவர்களுக்கும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் கூடுதல் கவனம் தேவை. முதியவர்களுக்குச் சில வாரங்கள் கழித்துக்கூட அறிகுறி தெரியலாம்.

உடனே கிளம்ப வேண்டிய அறிகுறிகள்

* சிறிது நேரமாவது நினைவு தப்பியது
* கூடிக்கொண்டே போகும் தலைவலி
* திரும்பத் திரும்ப வாந்தி
* கேட்டதையே கேட்பது, குழப்பம், காரணமில்லாத எரிச்சல்
* பேச்சு குழறுவது, ஒரு பக்கக் கை, கால் பலவீனம்
* ஒரு கண்பாவை மட்டும் பெரிதாவது
* மூக்கு அல்லது காதிலிருந்து நீர் போன்ற திரவம், ரத்தம்
* வலிப்பு, எழுப்பினாலும் எழாத தூக்கம்

வாந்தியையும் குழறலையும் பார்த்து, 'குடிச்சிருக்கான், தூங்கி எழுந்தா சரியாயிடும்' என்று விட்டுவிடாதீர்கள். குடித்திருந்தாலும் தலைக்காயம் இருக்கலாம்.

செய்ய வேண்டியவை

மயங்கிக் கிடப்பவரின் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. கழுத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேன் வசதியுள்ள மருத்துவமனை எது என்று ஆம்புலன்ஸ் ஊழியரிடமே கேளுங்கள். கிருஷ்ணகிரியில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது. மூளை, நரம்பு சிகிச்சைக்குப் பெயர்பெற்ற நிமான்ஸ், பெங்களூரின் ஓசூர் ரோட்டிலேயே இருக்கிறது.

செலவை நினைத்துத் தயங்க வேண்டாம். 2021 டிசம்பரில் தமிழக அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர சிகிச்சை இலவசம். தமிழக எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் போதும். கர்நாடகக்காரர், வடமாநிலத் தொழிலாளி என யாருக்கும் பொருந்தும்.

எத்தனை மணிக்கு விழுந்தார், நினைவு தப்பியதா, எத்தனை முறை வாந்தி, என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்பதை ஒரு தாளில் எழுதி டாக்டரிடம் கொடுங்கள். வீட்டுக்கு அனுப்பினாலும் முதல் நாள் இரவு அவரைத் தனியாகப் படுக்கவிடாதீர்கள்.