கைப்பிரேக்கின் கம்பிவடம்

ஓடுகின்ற வண்டியை நிறுத்துவது ஒரு வேலை. நின்ற வண்டியை நின்ற இடத்திலேயே நிலைத்திருக்கச் செய்வது மற்றொரு வேலை. மோட்டார் காரில் முன்னதைக் கால்பிரேக்கும் பின்னதைக் கைப்பிரேக்கும் செய்கின்றன. ஒன்று பழுதுற்றால் மற்றொன்று உதவ வேண்டுமாதலின், இரண்டும் ஒன்றையொன்று சாராமல் இயங்குதல் இன்றியமையாதது. இந்தியாவின் 1989ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதிகளும் காருக்கு இவ்விரண்டும் தனித்தனியே அமைந்திருத்தல் வேண்டுமெனக் கூறுகின்றன.

கால்பிரேக்கு குழாய்களில் அடைபட்ட எண்ணெயின் அழுத்தத்தால் இயங்குவது. ஓட்டுநர் காலை எடுத்ததும் அதன் பிடி நீங்கிவிடும். ஆளில்லாத காரைப் பல மணி நேரம் பிடித்து நிறுத்தும் பொறுப்பு கைப்பிரேக்கினுடையது. பெரும்பாலான கார்களில் அதன் விசையைப் பின்சக்கரங்களுக்குக் கொண்டு செல்வது, சுண்டுவிரலினும் மெல்லிய எஃகுக் கம்பிவடமே. பட்டறைகளில் இதனைக் ‘கேபிள்’ என்று அழைப்பர்.

இவ்வடம் தாங்கும் சுமை எத்துணை? 1,000 கிலோகிராம் எடையுள்ள கார் ஒன்று, பத்தடி தொலைவுக்கு ஓரடி உயரும் சரிவில் நிற்பதாகக் கொள்வோம். அதனைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை ஏறத்தாழ 100 கிலோகிராம் எடைக்குச் சமமாகும். இதனை எதிர்க்கக் கைவலிமை ஒன்றே போதாது; ஆகவே நெம்புகோல் துணைக்கு வருகின்றது. கைப்பிடிப் பக்கம் மறுபக்கத்தைவிட ஆறு மடங்கு நீளமாயின், நாம் 20 கிலோகிராம் விசையோடு இழுக்கும்பொழுது மறுமுனையில் 120 கிலோகிராம் விசை உண்டாகும். அது இரண்டாகப் பிரிந்து, கம்பிவடத்தின் வழியே இரு பின்சக்கரங்களையும் அடையும். ஆங்கே டிரம்மினுள் உள்ள மற்றொரு சிறு நெம்புகோல் அதனை மேலும் பெருக்கி, பிரேக் கட்டைகளை டிரம்மின் உட்புறத்தில் அழுத்தும். கைப்பிடியை உயர்த்தும்பொழுது எழும் ‘கட கட’ என்னும் ஒலி, பல்வரிசையில் ஒரு கொக்கி ஏறி விழும் ஒலியாகும். அக்கொக்கியே நாம் கையை எடுத்த பின்னும் விசையைக் காத்து நிற்பது.

கம்பிகளைத் திரித்து வடமாக்கும் முறை சுரங்கத் தொழிலில் பிறந்தது. செருமனி நாட்டின் ஹார்ட்ஸ் மலைப்பகுதிச் சுரங்கங்களில் சங்கிலிகளால் சுமை தூக்கி வந்தனர். சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் முழுச்சுமையும் வீழ்ந்துவிடும். வில்ஹெல்ம் ஆல்பெர்ட் என்னும் சுரங்க அதிகாரி 1834ஆம் ஆண்டில் இரும்புக் கம்பிகளைத் திரித்து வடம் செய்தார். அதில் ஒரு கம்பி அறுந்தாலும் மற்றவை சுமையைத் தாங்கும். அறுந்த நுனி வெளியே நீட்டிக்கொண்டு ஆபத்தை முன்னரே அறிவிக்கும். பின்னர், 1896இல், எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்பவர், உறையினுள் கம்பியை இட்டு வளைந்த வழியிலும் இழுவிசையைச் செலுத்தும் அமைப்புக்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். மிதிவண்டியின் பிரேக்குக் கம்பி இவ்வகையினதே. மேடுபள்ளங்களில் ஏறியிறங்கும் கார்ச்சக்கரத்துக்கும் வளைந்து கொடுக்கும் இவ்வமைப்பே ஏற்றது.

ஆயினும் இதில் ஒரு குறை உண்டு. வடம் தரும் எச்சரிக்கையை உறை மறைத்துவிடுகின்றது. உறையில் சிறு கிழிசல் ஏற்பட்டால் மழைநீரும் சேறும் உட்புகும். மசகு கழுவப்பட்டுத் துரு பிடிக்கும். கம்பிகள் ஒவ்வொன்றாக அறுபடும். இவற்றைக் கண் காணாது. எனினும் கை உணரும். கைப்பிடி வழக்கத்தினும் மிகுதியாக மேலெழும்பினால், வடம் தளர்ந்திருக்கலாம். அன்றிப் பிரேக் கட்டைகள் தேய்ந்திருக்கலாம். கைப்பிடியைத் தாழ்த்திய பின்னும் சக்கரம் இறுகி நின்றாலோ, டிரம் அளவுக்கு மீறிச் சூடேறினாலோ, வடம் உறையினுள் சிக்கியிருக்கக் கூடும். உடனே கழற்றிப் பார்த்தல் வேண்டும். அறுபடத் தொடங்கிய வடத்தை நட்டை முறுக்கி இறுக்குவதால் பயனில்லை. அதனை மாற்றுவதே முறை.

மாற்றும் வேலையில் முதற்கண் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. இவ்வேலைக்குக் கைப்பிரேக்கையே தளர்த்த வேண்டியிருத்தலால், காரைப் பிறவழிகளில் நிறுத்திக்கொள்ளுதல் வேண்டும். ஆகவே, சமதளத்தில் காரை நிறுத்தி, முன்சக்கரங்களுக்கு இருபுறமும் முட்டுக்கட்டை வைப்பர். பின்புறத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின்மீது அமர்த்துவர். ஜாக்கியை மட்டும் நம்பிக் காரின் அடியில் செல்லுதல் உயிருக்கு ஆபத்தாகும்.

அதன்பின் நெம்புகோலருகே உள்ள நட்டைத் தளர்த்தி வடத்தின் முனையை விடுவிப்பர். சக்கரத்தையும் டிரம்மையும் கழற்றி, மறுமுனையைச் சிறு நெம்புகோலின் கொக்கியிலிருந்து எடுப்பர். பழைய பிரேக் கட்டைகளின் தூளில் நுரையீரலுக்குக் கேடு செய்யும் கல்நார் கலந்திருக்கலாம். ஆதலின் அத்தூளை ஊதாமல், ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும். புதிய வடத்தைப் பழையதோடு ஒப்பிட்டு, நீளமும் முனைகளும் ஒத்திருப்பதை உறுதி செய்துகொண்டு, பழைய வழியிலேயே செலுத்துவர். அது சைலன்சர் குழாயின் வெப்பத்தில் படாமலும், கூர்மையாக மடங்காமலும், சக்கரத்தில் உராயாமலும் இருத்தல் வேண்டும்.

முதலில் பிரேக் கட்டைகளைச் சரிசெய்து, பின்னரே வடத்தின் இறுக்கத்தைச் சரிசெய்தல் முறை. கைப்பிடி தாழ்ந்திருக்கையில் இரு சக்கரங்களும் தடையின்றிச் சுழல வேண்டும். உயர்த்தினால் இரண்டும் ஒருசேர நிற்க வேண்டும். எத்தனை ‘கட’ ஒலியில் இறுக வேண்டுமென்பது அந்தந்தக் காரின் கையேட்டில் குறிக்கப்பட்டிருக்கும். இறுதியில், எதிரே ஆளில்லாத சிறு சரிவில், கால்பிரேக்கின்மேல் காலை வைத்துக்கொண்டே சோதித்துப் பார்ப்பர்.

இக்காலத்தில் பொத்தானை அழுத்தினால் மின்மோட்டாரால் இயங்கும் கைப்பிரேக்குகளும் வந்துள்ளன. அவற்றுள்ளும் சிலவற்றில் மோட்டார் இழுப்பது இத்தகைய வடத்தையே.

ஆளில்லாது உருளும் கார் ஒலியெழுப்பி எச்சரிக்காது. சரிவின் கீழே விளையாடும் குழந்தை அதனை அறியாது. அக்குழந்தைக்கும் அக்காருக்கும் இடையே காவலாக நிற்பது மெல்லிய வடமொன்றே. கைப்பிடி சற்று மிகுதியாக மேலெழும்பும் அன்றே அதனை ஆராய்ந்து பார்ப்பவர், தாம் காணாத ஒருவரின் உயிரையும் காத்தவராவர்.