காஞ்ஜியும் குடல்வாழ் நுண்ணுயிர்களும்

கஞ்சி என்னும் சொல்லைக் கேட்டதும் நமக்கு நோன்புக் கஞ்சியே நினைவுக்கு வரும். வட இந்தியாவிலும் பாக்கிஸ்தானிலும் 'காஞ்ஜி' என வழங்கப்பெறுவதோ முற்றிலும் வேறு. அதில் அரிசியும் இல்லை. அதற்கு அடுப்பும் வேண்டா. குளிர்காலத்தில் விளையும் கருங்கேரட்டை நீளநீளமாக அரிந்து, உப்பும் அரைத்த கடுகும் மிளகாய்த்தூளும் கலந்து நீரூற்றி, சாடியின் வாயைத் துணியால் கட்டி வெயிலில் வைப்பர். நான்கைந்து நாள்களில் நீர் செந்நீலமாகிப் புளிப்பேறும். துருக்கியின் அதானா பகுதியிற் பருகப்படும் 'ஷல்கம்' இதற்கு நெருங்கிய உறவு. இத்தகைய புளித்த நீரைக் 'காடி' என்றது நம் மொழி. காடித்தன்மை என்னும் கலைச்சொல் அதன்வழிப் பிறந்ததே.

சாடிக்குள் நிகழ்வது யாது? காய்கறியின் தோலில் பலவகை நுண்ணுயிர்கள் ஒட்டியிருக்கின்றன. அழுகச் செய்வனவற்றை உப்பு தடுக்கிறது. உப்பைத் தாங்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பெருகிக் கேரட்டின் சர்க்கரையை அமிலமாக்குகின்றன. அமிலம் மிக மிகத் தீய கிருமிகள் வாழ இயலாது போகின்றன.

புளித்தது என்றாலே மதுவோ என்னும் ஐயம் நம் பெரியவர்களுக்கு எழுவது இயல்பே. சர்க்கரையை மதுவாக்குவது பெரிதும் ஈஸ்ட். காஞ்ஜியில் மேலோங்குவது அதுவன்று. எனினும் ஒன்றை மறைத்தலாகாது: சில பாக்டீரியாக்களும் உடனிருக்கும் ஈஸ்டும் மிகச் சிறிதளவு சாராயத்தை உண்டாக்கவே செய்யும். சர்க்கரை சேர்த்தால் அது கூடலாம். பேரீச்சம்பழம் முதலியவற்றை ஊறவைத்த நபீதைச் சில நாள் வரையே பருகி, பின்னர் விலக்கிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உண்டு. நாள் செல்லச் செல்லப் பானத்தின் தன்மை மாறும் என்பது அங்கு நோக்கத்தக்கது. தீர்ப்புக் கூறுதல் ஆலிம்களின் பணி. வேதியியல் கூறுவது இவ்வளவே.

இனிக் குடலுக்கு வருவோம். மனித உடலில் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி பாக்டீரியாக்கள் உள்ளன என்பது 2016ஆம் ஆண்டின் கணக்கீடு. அவற்றுட் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. உடலணுக்களைப்போற் பத்து மடங்கு என மேடைகளில் முழங்கப்படும் பழங்கணக்குப் பிழையானது. நாம் செரிக்க மாட்டாத நாரை இவை சிதைத்துத் தரும் பியூட்டிரிக் அமிலமே பெருங்குடற் சுவரின் அணுக்களுக்கு முதன்மை உணவு.

காஞ்ஜியைப் பருகினால் இக்கூட்டத்திற் புதுக்குடிகள் நிலைபெற்றுவிடும் என்பார் உளர். அங்ஙனமன்று, வருவன பெரும்பாலும் விருந்தினரே, தங்கிச் செல்வன. ஆயினும் விருந்தினரால் பயனில்லை என்பதும் பொருந்தாது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 36 பேரை இரு பிரிவாக்கிப் பத்து வாரம் ஆய்ந்து 2021இல் வெளியிட்ட முடிவின்படி, காய்கறிப் புளிநீர், தயிர் முதலியன உண்ட பிரிவினரின் குடலில் நுண்ணுயிர் வகை பெருகிற்று; அழற்சிப் புரதங்கள் பல குறைந்தன. சிறிய ஆய்வுதான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனம் 2018இல் கண்டதோ வேறு: ஆன்டிபயாட்டிக் மருந்துக்குப்பின் புரோபயாடிக் மாத்திரை உண்டவர்களிடம் சொந்த நுண்ணுயிர்க் கூட்டம் மீளுதல் தாமதமாயிற்று. ஆகவே எந்நோய்க்கும் இதுவே மருந்து என்னும் கடைவிளம்பரத்தை மாணவர் நம்ப வேண்டுவதில்லை.

குருதி அழுத்தமுடையோர் இதன் உப்பை எண்ணிப் பார்த்தல் நலம். பூஞ்சை படர்ந்தால் சாடியோடு கொட்டிவிட வேண்டும். கொதிக்க வைத்தால் உயிருள்ளவை மடியும். நீரை மட்டும் பருகிக் கேரட் துண்டுகளை எறிவோரும் உளர். குடலின் நிலைக்குடிகளுக்கு வேண்டிய நார் அத்துண்டுகளில்தான் இருக்கிறது.